காத்திருக்கும் விசுவாசம்



திருப்பதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் காத்திருத்தல் இன்னதென்று எவரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. அலிபிரியிலிருந்து படியேறிச் செல்வோரும், பேருந்தில் செல்வோரும், திருமலையை அடைந்தபின் வரிசை மண்டபங்களில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பதை நாம் அறிவோம். கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரின் பொறுமை, எச்சமயத்தவராயினும் வணங்கத்தக்கதே. ஆயினும் அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. வரிசையின் முடிவில் சந்நிதி இருக்கிறதென்பது அனைவருக்கும் தெரியும். முன்னே நிற்பவர் ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்கிறோம்.

வாழ்க்கையில் நமக்கு நேரும் காத்திருப்புகள் பலவும் அத்தன்மையவை அல்ல. நோயுற்ற கணவர் எழுந்து நடமாடும் நாளை எதிர்நோக்கும் மனைவி, வீட்டைவிட்டுச் சென்ற மகனின் கடிதத்துக்கு ஏங்கும் தந்தை, மகப்பேற்றுக்காக ஆண்டுகள் பலவாக ஜெபிக்கும் தம்பதிகள், பிழைக்க வந்த ஊரில் நிலையான ஒரு வேலைக்குத் தவிக்கும் இளைஞர் ஆகிய இவர்களுக்கு வரிசையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னே நிற்போர் எத்தனை பேர் என்ற கணக்கும் தெரிவதில்லை. இத்தகைய காத்திருப்பிலேதான் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. இம்மாதம் இதனைக் குறித்து, நமக்கு அண்டையிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு சிந்திப்போம்.

வேதத்தில் காத்திருப்போரின் தந்தையெனத் தக்கவர் ஆபிரகாம். தேவன் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவரும் தளர்ந்ததுண்டு. தேவன் தாமதிக்கிறாரென்று எண்ணித் தாமே ஒரு வழி வகுத்து, ஆகார் என்னும் பணிப்பெண்ணின் மூலம் மகனைப் பெற்றார். அதன் விளைவாக அந்த வீட்டில் எத்தனை கண்ணீர் சிந்தப்பட்டதென்பதை ஆதியாகமம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆகவே விசுவாசத்தின் தந்தை என்று பெயர் பெற்றவருக்கும் காத்திருத்தல் எளிதாக வரவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

இனி நம் அண்டை நாட்டு வரலாற்றுக்கு வருவோம். திருப்பதியில் ரயிலேறிக் கூடூர் வழியாக வடக்கே சென்றால் நெல்லூர். அதற்கும் அப்பால் ஓங்கோல். இவ்விரண்டு ஊர்களும் கிறிஸ்தவ உலகில் பெயர் பெற்றது நீண்டதொரு காத்திருப்பினாலேயே.

அமெரிக்க பாப்டிஸ்ட் சங்கத்தார் 1835-இல் சாமுவேல் டே என்பவரைத் தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்ய அனுப்பினார்கள். அவர் முதலில் வடக்கே விசாகப்பட்டினப் பகுதியிலும், பின்னர் சென்னையிலும் தங்கி, 1840-இல் நெல்லூரில் நிலைகொண்டார். தெலுங்கு கற்றார், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் நின்று பேசினார், பள்ளிகள் நடத்தினார். ஆண்டுகள் உருண்டன. பலன் என்று காட்ட விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்தனர். நோயினால் 1846-இல் தாய்நாடு திரும்பினார். அங்கே 1848-இல் சங்கத்தார் இந்த மிஷனை மூடிவிடலாமா என்று ஆலோசித்தபோது, கூடாதென்று மன்றாடினார். அடுத்த ஆண்டிலேயே லைமன் ஜூவெட் என்ற இளைஞரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் நெல்லூர் வந்து சேர்ந்தார்.

1853-இல் அமெரிக்காவில் ஆல்பனி நகரில் கூடிய ஆண்டு மாநாட்டில் அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. அக்காலத்தில் அந்தச் சங்கத்தின் செழிப்பான ஊழியம் பர்மாவில் நடந்துவந்தது. வரைபடத்தில் பர்மாப் பகுதியில் பல நிலையங்கள் நட்சத்திரக் குறிகளாக விளங்க, இந்தியக் கரையில் நெல்லூர் மாத்திரம் தனித்து நின்றது. அதைக் காட்டிய ஒருவர் அதனை ஒற்றை நட்சத்திரம் என்று அழைத்தார். அந்தப் பெயரே அந்த மிஷனுக்கு நிலைத்துவிட்டது. சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்ற போதகர் அன்றிரவே அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதி, மறுநாள் காலை படித்தார். கேட்டோர் உள்ளம் உருகிற்று. மிஷன் மூடப்படவில்லை.

மூடிவிடலாம் என்று சொன்னவர்களை நாம் அவிசுவாசிகள் என்று இகழ்ந்துவிடக் கூடாது. அவர்கள் கையிலிருந்தது ஏழைச் சபையார் காணிக்கையாகக் கொடுத்த பணம். அதைப் பலன் தரும் வயலில் செலவிடுவதா, பலன் தராத வயலில் செலவிடுவதா என்ற கேள்வி நியாயமானதே. பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் வேறுபாடு என்ன? இக்கேள்விக்கு நெல்லூர்க்காரர்கள் சொல்லால் விடை தரவில்லை. தங்கள் காத்திருப்பின் முறையினாலேயே விடை தந்தார்கள்.

அது எவ்வாறு? 1854-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி, பொழுது புலரும் வேளையில், ஓங்கோல் நகரையொட்டிய ஒரு குன்றின்மேல் ஐந்து பேர் ஏறினார்கள். ஜூவெட், அவருடைய மனைவியார், நர்சு என்ற உபதேசியார், ஜூலியா, ரூத் என்ற இரண்டு பெண்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஓர் ஊழியரை அனுப்பும்படி ஐவரும் ஒருவர் பின் ஒருவராக ஜெபித்தார்கள். கீழே சப்பாத்திக்கள்ளி மண்டிய ஒரு நிலத்தைச் சுட்டிக்காட்டி, அது நம் மிஷனுக்குக் கிடைத்தால் நலமல்லவா என்று ஜூவெட் ஜூலியாவிடம் கேட்டாராம். ஜெபம் முடிந்தது, சூரியன் உதித்தது, ஐவரும் கீழே இறங்கித் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றார்கள். அன்று வேறொன்றும் நிகழவில்லை. மறுநாளும் நிகழவில்லை.

ஜெபித்தபின் தம் வேலையைப் பார்க்கச் சென்றார்கள் என்பதே இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. ஜூவெட் தெலுங்கு மொழியை ஆழ்ந்து கற்றுத் தெலுங்கு வேதாகமத் திருத்தப் பணிக்குத் தம் உழைப்பைத் தந்தார். ஊர் ஊராக நடந்தார். பலன் வரும் நாளை அவர் அறியார். இன்று செய்யவேண்டிய வேலையை அறிந்திருந்தார். பிடிவாதக்காரன் ஒன்றை எதிர்பார்த்து வேறெதையும் செய்யாமல் அமர்ந்திருப்பான். பொறுமையாளனோ எதிர்பார்த்தது வந்தாலும் வராவிட்டாலும் தன் நாளை வீணாக்குவதில்லை.

1862-இல் மூன்றாம் முறையாக மிஷனை மூடும் பேச்சு எழுந்தது. அப்போது உடல்நலம் குன்றி அமெரிக்காவுக்குச் சென்றிருந்த ஜூவெட், சங்கம் கைவிட்டாலும் தாம் மட்டுமாவது திரும்பிச் சென்று அம்மக்களிடையே வாழ்ந்து மடியப்போவதாக உறுதியுடன் கூறினார். அப்படியானால் உம்மைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யவாவது ஒருவரை உம்மோடு அனுப்பத்தான் வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் வேடிக்கையும் வேதனையும் கலந்து மறுமொழி சொன்னாராம். அவ்வாறு 1865-இல் வந்து சேர்ந்தவரே ஜான் கிளஃப். அவர் நில அளவைத் தொழில் அறிந்தவர். மறு ஆண்டு ஓங்கோலில் குடியேறினார். கள்ளி மண்டிய அந்த நிலமே மிஷன் வளாகமாயிற்று. 1867-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, அதாவது குன்றின்மேல் ஜெபித்து 13 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், எட்டுப் பேரைக் கொண்டு ஓங்கோல் சபை அமைந்தது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு எட்டுப் பேர்! ஆயினும் அந்த எட்டுப் பேரின் பின்னணியில் ஒரு பெரிய செய்தி இருந்தது. மிஷனெரிகள் முப்பது ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தது கற்றோரும் உயர்குடியினரும் முன்வருவார்கள் என்பதையே. முதலில் வந்தவரோ எர்ரகுண்ட்ல பெரய்யா. தோல் வேலை செய்யும் மாதிகர் குலத்தில் பிறந்தவர்; தோல் வாணிபத்துக்காக ஊர் ஊராகச் சென்றவர்; மெய்யான தேவனைத் தேடித் தாமும் நெடுங்காலம் காத்திருந்தவர். அவர் 1866-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தம் மக்களிடையே சென்று பேசத் தொடங்கினார்.

கிளஃபுக்கு உடனே ஒரு சோதனை வந்தது. மாதிகரைச் சேர்த்துக்கொண்டால் தங்கள் பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்று உயர்குலத்தார் தெரிவித்தார்கள். அவரும் அவர் மனைவியாரும் தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது, இருவர் கண்ணிலும் பட்டது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம். உலகம் இழிவென்று ஒதுக்கியவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்னும் பொருளுடைய பகுதி அது. அவர்கள் மாதிகரின் பக்கமே நின்றார்கள். உயர்குலப் பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகினார்கள்.

வாக்குத்தத்தம் நாம் எண்ணிய உருவத்தில் வருவதில்லை என்பதை இது காட்டுகிறது. வாசற்கதவை நோக்கிக் காத்திருப்பவன், கொல்லைப்புறத்துக் கதவை யாரோ தட்டும் ஓசையைக் கேட்கத் தவறிவிடலாம். வந்திருப்பவர் நாம் எதிர்பார்த்தவர் அல்லரென்று கதவை அடைத்துவிட்டுப் பின்பு தேவன் வரவில்லையே என்று புலம்புவோர் எத்தனை பேர்! அதோடு இன்னொன்றும் உண்டு. முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் மிஷனெரிகள். தங்களையும் மனிதராக மதிப்போர் வருவாரா என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்கள் மாதிகர்கள். எவருடைய காத்திருப்பு பெரிது?

1876-இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. சென்னை ராஜதானி முழுவதையும் 1878 வரை வாட்டி, லட்சக்கணக்கானோரைக் கொன்ற கொடிய பஞ்சம் அது. சென்னையில் வாழ்ந்த நம்மவர்க்குப் பக்கிங்காம் கால்வாய் தெரியும். பஞ்ச நிவாரண வேலையாக அந்தக் கால்வாயின் ஒரு பகுதி ஓங்கோல் பக்கத்தில் வெட்டப்பட்டது. கிளஃப் அதில் சில மைல் தூரத்தைக் குத்தகையாக எடுத்து, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். ஓய்வு நேரங்களில் உபதேசிமார் அவர்களிடையே அமர்ந்து பேசினார்கள். கேட்டவர்களில் பலர் ஞானஸ்நானம் வேண்டினார்கள்.

இங்கேதான் அந்த வரலாற்றின் உயர்ந்த பகுதி வருகிறது. நாற்பது ஆண்டுகளாக எந்தப் பலனுக்காக ஏங்கினார்களோ, அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அப்போது கிளஃப், இப்போது வேண்டாமென்று மறுத்துவிட்டார். பசியினால் வருகிறார்களா, விசுவாசத்தினால் வருகிறார்களா என்று அறியும்வரை எவருக்கும் ஞானஸ்நானம் இல்லையென்று ஓராண்டுக்கும் மேலாக நிறுத்திவைத்தார். இனி நிவாரணப் பணமும் இல்லை, உதவியும் இல்லை என்று சொல்லி அனுப்பிய பின்னும் மக்கள் திரள் திரளாக வந்தார்கள். உதவி நாடி வரவில்லை, எங்கள் கை காய்த்திருப்பதைப் பாருங்கள், உழைத்தே உண்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். செத்தாலும் கிறிஸ்தவர்களாகச் சாகவே விரும்புகிறோம் என்றும் சொன்னார்கள். அதற்குமேல் அவரால் தடுக்க முடியவில்லை.

1878-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி, ஓங்கோலுக்கு அருகே குண்டலகம்மா ஆற்றில், வெல்லம்பள்ளி என்னுமிடத்தில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதைக் கொடுத்தவர்கள் தெலுங்குப் போதகர்கள் அறுவர். இரண்டிரண்டு பேராக மாறி மாறி ஆற்றில் இறங்கிப் பகல் முழுதும் அப்பணியைச் செய்தார்கள். குன்றின்மேல் ஐவர் ஜெபித்து அப்போது 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிதாக முடிந்துவிடும். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது இதற்கு அப்பால் இருக்கிறது. நெல்லூரில் முதன்முதல் விதை தூவிய சாமுவேல் டே எங்கே? அவர் உடல் நலிந்து 1853-இல் இந்தியாவை விட்டுச் சென்றார், திரும்பி வரவேயில்லை. 1871-இல், அந்த ஆற்றங்கரைக் காட்சிக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, காலமானார். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. டே வைத்தது பனையினும் மெல்ல வளரும் மரம். அதன் குருத்தைக் கண்டார். நிழலையும் கனியையும் கண்டாரில்லை.

அவருடைய விசுவாசம் தோற்றதென்று சொல்லலாமா? எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் இதற்கு விடை கூறுகிறது. ஆபேல் முதலாகப் பலரின் பெயர்களை அடுக்கிச் சொல்லி, வாக்களிக்கப்பட்டதை அடையாமல், தூரத்தில் கண்டு மகிழ்ந்து, இவ்வுலகில் தாங்கள் அந்நியரும் பரதேசிகளும் என்று அறிக்கையிட்டு அவர்கள் மரித்தார்கள் என்று அது உரைக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, அந்நியர், பரதேசிகள் என்ற அச்சொற்கள் தனிப் பொருள் தருபவை.

இன்னும் அருகே வருவோம். ஓங்கோலில் கிளஃப் குடியேறிய அதே பத்தாண்டில்தான், ஜெர்மனி நாட்டு ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த மிலியஸ் என்பவர் நாயுடுபேட்டையில் ஊழியம் தொடங்கினார். அந்த ஊழியம் காளஹஸ்தி, திருப்பதிப் பகுதிகளுக்கும் பரவிற்று. ஆனால் இப்பக்கத்தில் குண்டலகம்மா ஆற்றங்கரைக் காட்சி எதுவும் இல்லை. சிறு சிறு சபைகள் மெதுவாகவே எழுந்தன. அந்த ஊழியத்தின் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை இன்றும் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குகிறது. இவர்கள் ஓங்கோல்காரரைவிடக் குறைவாக ஜெபித்தார்களா? குறைவாக உழைத்தார்களா? அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மழை எங்கே எப்போது பெய்யும் என்பது உழவனின் கையில் இல்லை. உழுது வைப்பதொன்றே அவன் கையில் இருக்கிறது.

ஆகையால், இத்தனை நாள் உபவாசித்தால் இன்ன தேதியில் வேலை கிடைக்கும், இவ்வளவு காணிக்கை தந்தால் இன்ன மாதத்தில் பிள்ளை பிறக்கும் என்று தேவனுக்குத் தவணை குறிப்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தேதி தவறும்போது அவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை. நம்பியவரின் விசுவாசமே நொறுங்குகிறது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அந்த ஏழையின் தலைமேலேயே விழுகிறது. காத்திருப்போரின் புண்ணில் உப்பைத் தேய்க்கும் செயல் அது. ஆபிரகாமுக்குத் தேவன் தந்தது வாக்கு; அதை நம்பி அவர் புறப்பட்டபோது நாள் எதுவும் குறித்துக் கொடுக்கப்படவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். கிறிஸ்தவப் பொறுமை பூமியை ஆள்வதற்கான உபாயம் அன்று. தேவன் உண்மையுள்ளவர் என்பதை ஏற்றுக்கொண்டு, அவர் வேலையை அவரிடம் விட்டு, நம் வேலையை நாம் செய்வதே அது. நோயாளிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும் காத்திருத்தலே. பதில் வராவிட்டாலும் மகனுக்கு மாதந்தோறும் கடிதம் எழுதுவதும் காத்திருத்தலே. வேலை தேடும் இளைஞன் தெலுங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள்வதும், பிள்ளைப்பேறு இல்லாத தம்பதிகள் தெருவிலுள்ள ஏழைப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் காத்திருத்தலே. அழுவதும் அதில் சேர்ந்ததே. எத்தனை காலம் ஆண்டவரே என்று முறையிட்ட சங்கீதக்காரரைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரேனும் நெடுநாளாக எதற்கேனும் காத்திருந்தால், அவர்களிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். அது நமக்குத் தெரியாத செய்தி. அதற்குப் பதிலாக ஒரு மாலைப்பொழுதில் அவர்கள் வீட்டுக்குச் சென்று சிறிது நேரம் உடன் அமர்ந்திருங்கள். ஓங்கோல் குன்றில் ஜூவெட்டும் தனியாக ஏறவில்லை. அவரோடு நால்வர் ஏறினார்கள் என்பதை மறவாதிருப்போமாக.